ஆறு நாற்பதுக்கு ஒரு அழைப்பு

அந்தப் பேச்சு முதலில் அவள் காதில் விழுந்தது தையல் கடையில். கைப்பையின் ஜிப் பல்லிளித்துவிட்டது. மாற்றித் தரச் சொல்லிக் கொடுக்கப் போயிருந்தாள். தையல்காரி வாயில் இரண்டு குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே ஊர்க்கதை முழுக்கச் சொல்லக்கூடியவள். ஊசி விழுந்ததும் இல்லை, கதை நின்றதும் இல்லை.

"அக்கா, விஷயம் தெரியுமா? யார் வீட்டுலயாவது சாவு விழுந்தா, மூணு மாசம் கழிச்சு ஒரு பொம்பள போன் பண்றாளாம்."

"எதுக்காம்?"

"அதான் ஒருத்தருக்கும் பிடிபடல. உயிர் போன நேரம் இருக்கில்ல, அதே நேரத்துக்குத்தான் கூப்பிடுவாளாம். ஒரு நிமிஷம் முன்னபின்ன கிடையாதாம். என் ஓரகத்தியோட அக்கா கண்ணாடிக் கடையில வேலை பாக்குறா, அங்க கூட இருக்கிற பொண்ணுக்கே நடந்திருக்கு."

"எடுத்தா என்ன ஆகும்?"

தையல்காரி ஊசிகளை வாயிலிருந்து எடுத்துத் துணியில் குத்தினாள். முக்கியமான விஷயம் என்றால்தான் அப்படிச் செய்வாள். "அது யாருக்குத் தெரியும்? எடுத்தவங்க யாரும் வாயத் திறக்கலையே. நமக்கெதுக்கு வம்பு. தெரியாத நம்பர்னா எடுக்காதீங்க."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கடையை விட்டு இறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். அந்தப் பொம்பளை அவள்தான்.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பென்சில் அக்கா. ஐம்பத்து நான்கு வயது, மூக்குக் கண்ணாடி, காதோரம் செருகிய பென்சில். இனி வைத்தியத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் கைவிரித்த பிறகு, நோயாளியின் வீட்டுக்கே நர்ஸ் போய் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் சேவை ஒன்று அந்த ஊரில் நடக்கிறது. நோயாளி போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆனதும், அந்த வீட்டுக்குப் போன் செய்து எங்கள் சேவை எப்படி இருந்தது என்று கேட்பது அவள் வேலை. இருபத்து நான்கு கேள்விகள். வலிக்கு மருந்து நேரத்துக்குக் கிடைத்ததா, நர்ஸ் மரியாதையாகப் பேசினாரா, முடிவு நெருங்குவதை உங்களுக்குப் புரியும்படி சொன்னார்களா. ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண்.

ஆரம்பத்தில் எல்லோரும் ஐந்துதான் போடுவார்கள். செத்தவரைப் பற்றிக் குறை சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்ற கூச்சம். பதினொன்றாவது கேள்விக்கு வரும்போது குரல் மாறும். "அம்மா, அந்த மூணாவது கேள்விக்கு அஞ்சுன்னு சொன்னேன்ல, அதை ரெண்டுன்னு போட்டுக்கோங்க" என்பார்கள். அதனால் அவள் எல்லாவற்றையும் பென்சிலில்தான் எழுதுவாள். பேச்சு முடிந்து மறுமுனை வைத்த பிறகுதான் அதன்மேல் பேனா ஓட்டுவாள்.

எதிர் மேசையில் ஒருவர். முப்பது வருஷம் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லோரும் கண்டக்டர் என்றே கூப்பிடுவார்கள். பழைய பழக்கம், ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு "ரைட், அடுத்தது" என்பார். கேள்வி முடியும்போது, "அவ்ளோதாங்க, கடைசி ஸ்டாப்பு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். கோபித்துக்கொண்டவர்கள் குறைவு. ஒரு கிழவர் சிரித்துவிட்டு, அன்றைக்குத்தான் மூன்று மாதத்தில் முதல் முறையாகச் சிரித்ததாகச் சொன்னாராம்.

அந்த அறை முன்பு படுக்கை விரிப்புகள் அடுக்கி வைத்த அறை. இப்போதும் அலமாரியைத் திறந்தால் சலவைச் சோப்பு வாசம் வரும். இரண்டு மேசை, இரண்டு தொலைபேசி, ஒரு ஜன்னல், ஒரு சுவர்க் கடிகாரம். ஜன்னலுக்குக் கீழே நர்சுகளின் சின்ன வண்டிகள் நிற்கும்.

அவள் இந்த வேலைக்கு வந்த கதையும் ஒரு போனில் ஆரம்பித்ததுதான். அதற்கு முன் பத்தொன்பது வருஷம் ஒரு ஓட்டலில் தொலைபேசி இணைப்புப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் படுத்த படுக்கையானபோது இந்தச் சேவைதான் வந்தது. மாமியார் போன பிறகு இதே போல் ஒரு அழைப்பு வந்தது. அப்போது இந்த நாற்காலியில் இருந்த பெண் நாலு நிமிஷத்தில் இருபத்து நான்கையும் முடித்துவிட்டாள். இவளும் ஐந்து, ஐந்து, ஐந்து என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. கடைசி நாள் மாமியார் தண்ணீர் கேட்டார். புரையேறும், பஞ்சில் நனைத்து உதட்டில் மட்டும் தொட்டு வையுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இவள் அப்படியே செய்தாள். சரியாகத்தான் செய்தாள். ஆனாலும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லையே என்பதை யாராவது ஒருவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இருபத்து நான்கில் அதற்கு இடமில்லை. ஓட்டல் இணைப்புப் பலகையைக் கழற்றிப் போட்ட வருஷம் இங்கே ஆள் எடுப்பது தெரிந்ததும் நேராக வந்து மனுப் போட்டாள்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். முதலில் கொஞ்ச நாள் கிண்டல் பண்ணினார். "செத்தவரத் தவிர வீட்டுல மத்த எல்லார்கிட்டயும் விசாரிச்சாச்சா?" என்பார். "உங்களுக்கு ஆகும்போது எனக்கே போன் வரும்ல, ரெண்டு மார்க்தான் போடுவேன்" என்பாள் இவள். "ரெண்டா! அவ்ளோ தாராளமா?" என்பார் அவர்.

வேலையில் அவளாக வைத்துக்கொண்ட ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சட்டத்திலும் இல்லாதது. கூப்பிடுவதற்கு முன் கோப்பைத் திறந்து, உயிர் பிரிந்த நேரத்தைப் பார்த்துக்கொள்வாள். அந்த நேரத்தில் மட்டும் அந்த வீட்டுக்குக் கூப்பிட மாட்டாள். விடிகாலையில் போனவர் வீட்டுக்கு மாலையில். மதியம் போனவர் வீட்டுக்குக் காலையில். அந்த நேரம் வரும்போது அந்த வீடுகளில் கடிகாரத்தை ஒரு தடவை பார்க்காமல் இருக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த வழக்கமே அவளைக் கவிழ்த்தது.

லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர். நுரையீரலில் புற்று. மனைவி முன்பே போய்விட்டார். ஒரே மகள், கண்ணாடிக் கடையில் வேலை. பதினாலு மாதம் அப்பாவைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். கோப்பில் நேரம் 6.40 என்று இருந்தது. காலையா மாலையா என்று எழுதவில்லை. கீழே கையெழுத்து காலை முறை நர்சினுடையது. அப்படியானால் காலை ஆறு நாற்பதுதான் என்று முடிவு கட்டி, மகள் கடையிலிருந்து வீடு வந்திருக்கும் நேரமாகப் பார்த்து, மாலை ஆறரை தாண்டியதும் கூப்பிட்டாள்.

மகள் எடுத்தாள். இவள் தன்னைச் சொல்லி, எதற்குக் கூப்பிடுகிறாள் என்று சொல்லி, பேச முடியுமா என்று கேட்டாள். மறுமுனையிலிருந்து மெதுவாக ஒரு கேள்வி வந்தது.

"மணி என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

இவள் சுவரைப் பார்த்தாள். ஆறு நாற்பது.

"தெரிஞ்சேதான் கூப்பிட்டீங்களா?"

"இல்லம்மா, நான் வந்து..."

"அப்பா போன அன்னிக்கு, இந்த நேரத்துக்கு நான் வீட்டுல இல்ல. மருந்துக்கடையில நின்னுக்கிட்டிருந்தேன். யாரோ தெரிஞ்சவங்களோட பேசிக்கிட்டு நின்னேன். அதச் சொல்லிக் காட்டவா கூப்பிட்டீங்க?"

வைத்துவிட்டாள். பென்சில் காகிதத்தின்மேல் நின்றது. முதல் கேள்வியே கேட்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக நர்சைத் தேடிப் போனாள். காலை முறை நர்ஸ், அவர் இறந்த அன்றைக்கு வேறொருத்திக்காக மாலை முறையை மாற்றி எடுத்திருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம். வண்டியில் மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தவள், "சாயங்காலம்னு எழுதியிருக்கணும், என் தப்புதான் அக்கா" என்றாள்.

"அது கெடக்கட்டும். கோப்புல ஒரு வரி எழுதியிருக்கியே. 'மகள் கடைக்கு அனுப்பப்பட்டார், நோயாளியின் விருப்பப்படி.' அது என்ன?"

நர்ஸ் பெட்டியைக் கீழே வைத்தாள். "பஞ்சு வாங்கிட்டு வாங்கன்னு நான்தான் அனுப்புனேன். என் பையிலயே ரெண்டு கட்டு பிரிக்காம இருந்துச்சு."

"ஏன்?"

"அவரு கண்ணால கேட்டாரு. மூணு நாளைக்கு முன்னாடியே, பேச்சு இருக்கும்போதே சொல்லி வச்சிருந்தாரு. லாரி எடுக்கிற காலத்துல மக முழிச்சிருக்கும்போது அவரு கெளம்புனதே இல்லையாம். அது அழுவுமாம். தூங்குன பெறகு செருப்பக் கையில எடுத்துக்கிட்டுத்தான் வெளிய வருவாராம். 'இந்த தடவையும் அப்படியே போயிடணும் சிஸ்டர், நேரம் வந்தா அவள எங்கயாவது அனுப்பிடு'ன்னாரு."

"அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அவளா கேட்டா மட்டும் சொல்லு, கேக்காட்டி வேணாம்னாரு. கேப்பான்னு நெனச்சேன். அவ என் முகத்தையே பாக்கல அக்கா."

பென்சில் அக்கா அங்கேயே நின்றாள். அந்தப் பெண் அப்பாவை விட்டுவிட்டுப் போனதாக நினைத்துக்கொண்டு மூன்று மாதமாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்பாவோ மகளிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதற்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோப்பு.

விதி என்னவென்றால், கோப்பில் இருப்பதைத் தானாக எடுத்துச் சொல்லக் கூடாது. ஆனால் இருபத்து நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது: "எங்களிடம் நீங்கள் கேட்க விரும்புவது ஏதாவது உண்டா?" அதற்கு, கடைசி நேரத்தில் என்ன நடந்தது என்று வீட்டார் கேட்டால், எழுதியிருப்பதை வாசித்துக் காட்டலாம், நர்சையும் பேச வைக்கலாம். அந்தக் கேள்வி வரை அவள் போனில் இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மூன்று முறைதான் கூப்பிடலாம், ஒவ்வொரு முறையும் எட்டு மணியோசை வரை. அதற்கும் எடுக்காவிட்டால் 'தொடர்பு கிடைக்கவில்லை' என்று முத்திரை குத்தி, கோப்பு கீழே நிலவறைக்குப் போய்விடும். பிறகு அந்த வீட்டை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. துக்க வீட்டாருக்காக வைத்த விதி. நல்ல விதிதான்.

இரண்டாவது முறையாக ஒரு முற்பகலில் கூப்பிட்டாள். எட்டும் அடித்து ஓய்ந்தது.

அந்த வாரத்தில்தான் தையல் கடையில் வதந்தியைக் கேட்டது. கண்ணாடிக் கடையில் கிளம்பிய பேச்சு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர், பாவம், முப்பத்திரண்டு வயதுப் பையன், கணக்குத் தாளோடு வந்து நின்றார்.

"பத்துல ஏழு பேர் எடுத்துக்கிட்டிருந்தாங்க. இந்த மாசம் நாலு பேர். என்னங்க ஆச்சு?"

"என்னாலதான்" என்றாள். நடந்ததைச் சொன்னாள், நர்ஸ் சொன்ன ரகசியத்தைத் தவிர.

அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து மூடினார். "அந்த வீட்டுக்கு இன்னும் ஒரு தடவதான் பாக்கி இருக்கு. வேணும்னா கண்டக்டர் கூப்பிடட்டுமே. ஊர்ல பொம்பளக் குரல்னுதானே பேசிக்கிறாங்க."

காதைத் தீட்டிக்கொண்டிருந்த கண்டக்டர் உடனே சொன்னார்: "நான் தயார். ஆனா கடைசி ஸ்டாப்புன்னு வாய்ல வந்துட்டா என்னைக் கேக்கக் கூடாது."

சிரிப்பு வந்தது அவளுக்கு. "வேணாங்க. நான் போட்ட முடிச்சு."

ஜிப் மாற்றிய பையை வாங்கப் போனபோது தையல்காரியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். சொன்னாள். "நீ சொன்னியே ஒரு பொம்பள, அது நான்தான்மா."

தையல் இயந்திரம் நின்றது. தையல்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பயந்து விலகுவாள் என்று நினைத்தவளுக்குக் கிடைத்தது வேறு.

"அப்ப எங்க வீட்டுக்கு ஏன் கூப்பிடல?"

"உங்க வீட்டுலயா? யாரு?"

"என் அண்ணன். ரெண்டு வருஷம் ஆச்சு. பெரிய ஆஸ்பத்திரியில. நாப்பது நாள் நான்தான் பக்கத்துல இருந்தேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர், எப்படி இருந்துச்சுன்னு என்னைக் கேக்கல."

இவள் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். "இப்பக் கேக்குறேன். சொல்லு."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. வந்த வாடிக்கையாளர் இரண்டு பேர் திரும்பிப் போனார்கள். எழுந்திருக்கும்போது தையல்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஜிப்பு கொஞ்சம் இறுக்கமா இருக்கும், மெழுகு தேய்ங்க" என்றாள். பிறகு, "அந்தக் கண்ணாடிக் கடைப் பொண்ணுக்கு என்ன பதில் சொல்றதுன்னு யோசிக்காதீங்க அக்கா. எப்பப் பேசணும்னு அவளையே கேளுங்களேன். எங்கிட்ட யாராவது அப்படிக் கேட்டிருந்தா நான் நேரம் குறிச்சுக் குடுத்திருப்பேன்" என்றாள்.

இருந்த வழி அதுதான், இவளுக்குத்தான் தோன்றவில்லை. அலுவலகத்தில் நேரம் கேட்கும் அட்டை என்று ஒன்று உண்டு. அச்சடித்தது. காலை, மதியம், மாலை என்று மூன்று கட்டங்கள். எது வசதியோ அதில் குறியிட்டு அனுப்பலாம். பகலில் வீட்டில் இல்லாதவர்களுக்கும் முறை மாற்றி வேலை பார்ப்பவர்களுக்கும் அனுப்புவது. அந்த அட்டையை எடுத்தாள். கீழே கொஞ்சம் இடம் இருந்தது. பென்சிலால் எழுதினாள்: "அன்று அந்த நேரத்தில் அழைத்தது என் பிழை. காலை என்று தவறாக எண்ணிவிட்டேன். மன்னியுங்கள்." பேனாவை எடுத்து மேலே ஓட்டப் போனவள், வேண்டாம் என்று அப்படியே உறையில் போட்டாள். அவளுக்கு வேண்டுமென்றால் அழித்துவிடட்டும்.

ஒன்பது நாள் ஒன்றும் வரவில்லை. பத்தாம் நாள் தபாலில் அட்டை திரும்பி வந்தது. மூன்று கட்டங்களும் காலி. இவள் எழுதிய வரி அழிபடாமல் இருந்தது. அதற்குக் கீழே, அதுவும் பென்சிலால், அடுத்த வியாழக்கிழமையின் தேதி. பக்கத்தில்: 6.40. மாலை என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு.

கண்டக்டர் அட்டையை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார். "இது வான்னு கூப்பிடுறதா, வந்து பாருன்னு கூப்பிடுறதா?"

"தெரியலைங்க."

வீட்டுக்காரரிடமும் காட்டினாள். அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார். "நடுவுல நின்னு போன லிஃப்ட்டுல மாட்டுனவங்க மொதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? கதவு எப்பத் தெறக்கும்னு கேக்க மாட்டாங்க. வெளிய யாராவது இருக்கீங்களான்னுதான் கேப்பாங்க. நானும் இருக்கேன் இருக்கேன்னு சொல்லிக்கிட்டேதான் வேலை பாப்பேன்."

"இவ கேக்கவே இல்லையே."

"நேரம் எழுதி அனுப்பிருக்கா. அப்புறம் என்னத்தக் கேக்கணும்?" கையைத் துடைத்துக்கொண்டார். "வியாழக்கிழமை நான் வந்து கீழ நிக்கிறேன். சேந்தே வீட்டுக்கு வரலாம்."

வியாழக்கிழமை ஐந்தரைக்கெல்லாம் கட்டடம் காலியானது. கண்டக்டர் குடையைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு அலமாரியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். வெளியே மழைக்கான அறிகுறியே இல்லை. குடையும் அவர் நாற்காலியில்தான் தொங்கியது. காலை நர்ஸ் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கீழே வண்டியில் உட்கார்ந்திருந்தாள். மகள் கேட்டால் மேலே வந்து பேசத் தயார் என்று சொல்லியிருந்தாள். வண்டிக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர், கட்டடத்து லிஃப்ட்டின் சத்தம் சரியில்லை என்று அவளிடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

அவள் புதுப் படிவம் ஒன்றை எடுத்து வைத்தாள். பென்சிலைச் சீவினாள். இருபத்து நான்காவது கேள்வியை ஒரு தரம் படித்துக்கொண்டாள், மனப்பாடமாகத் தெரிந்ததையே. முதல் முறையாக, தெரிந்தே, ஒரு வீட்டுக்கு அந்த வீட்டின் நேரத்திலேயே கூப்பிடப் போகிறாள். ஊர் பேசியது இன்றைக்கு நிஜமாகிவிட்டது.

ஆறு முப்பத்தொன்பது. முள் நகர்கிறதா என்று சந்தேகம். கண்டக்டர் குடை தேடுவதை நிறுத்தியிருந்தார்.

நாற்பது ஆனதும் எண்களை அழுத்தினாள். இது கடைசி முறை; எட்டு மணியோசைதான்.

ஒன்று. இரண்டு. அந்த வீட்டில் போன் எங்கே இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். கட்டில் இருந்த அறையிலா, வாசல் பக்கமா. மூன்று. அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாளா. நான்கு. இல்லை, மறுபடி மருந்துக்கடை வரை போய்விட்டாளா. ஐந்து.

"இருக்கேன்" என்றாள், வாய்க்குள், யாருக்கும் கேட்காமல்.

ஆறு.

பென்சில் முனை முதல் கட்டத்தின்மேல் தயாராக இருந்தது. ஏழாவது மணி அடிக்க ஆரம்பித்தது.